சும்மா வேண்டுமானால் தருகிறோம், காசுக்கு விற்க மாட்டோம்: போர்க்கால ரேடியோவில் அமெரிக்கத் தொழிற்சங்கங்கள்

கேள்வி கேட்ட நண்பர் எழுதியது இவ்வளவுதான்: "இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க யூனியன்கள் ஸ்ட்ரைக் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ரேடியோவில் உட்கார்ந்து அரசாங்கத்துக்கு ஜால்ரா போட்டன என்று படித்தேன். உண்மையா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரேடியோவில் என்ன பேசினார்கள் என்பது மேலே தெரிகிற கேள்வி. வேறு எதையாவது பேச அவர்களை விட்டார்களா என்பது அதற்கு அடியில் இருக்கிற கேள்வி. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதற்குப் பதில் சொன்னால், வாயைக் கட்டிவிட்டு ஏன் பாடவில்லை என்று கேட்ட கதையாகிவிடும்.

நான் முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு இளைஞர்களுக்குத் தொழிலாளர் இயக்க வரலாறு வகுப்பு எடுக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குப் பழக்கமான நிலம் அமெரிக்கா, அப்புறம் கொஞ்சம் பிரிட்டன். ஆகவே பதிலும் பெரும்பாலும் அமெரிக்காவோடு நிற்கும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அன்று ரேடியோ என்றால் அரசாங்கம். ஆல் இண்டியா ரேடியோதான், அதில் நேரம் விலைக்கு வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் அது ஒரு வியாபாரம். சோப்பு கம்பெனியோ கார் கம்பெனியோ அரை மணி நேரத்தை விலைக்கு வாங்கும், நாடகமோ பாட்டுக் கச்சேரியோ போடும், நடுவில் தன் சரக்கைப் பற்றிப் பேசும். 1940 கணக்கெடுப்பில் அங்கே நூற்றுக்கு 83 வீடுகளில் ரேடியோ இருந்தது. நிலையங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பத்திரிகை முதலாளிகள் கையில். யூனியன்களுக்குச் சொந்தமாக என்ன இருந்தது? சிகாகோ தொழிலாளர் சம்மேளனம் 1926-ல் தொடங்கிய டபிள்யூ.சி.எஃப்.எல். என்ற நிலையம் இருந்தது. எட்வர்ட் நாக்கல்ஸ் என்கிற சம்மேளனச் செயலாளர் அலைவரிசைக்காக வாஷிங்டனோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி அதைக் காப்பாற்றினார். நியூயார்க்கில் டபிள்யூ.இ.வி.டி. இருந்தது, யூஜின் விக்டர் டெப்ஸ் என்ற பழைய சோஷலிஸ்ட் தலைவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். அதையும் 1932-ல் ஒரு யித்திஷ் மொழிப் பத்திரிகை எடுத்துக்கொண்டு நடத்தியது. நாடு முழுக்கக் கேட்கவேண்டும் என்றால் என்.பி.சி., சி.பி.எஸ். போன்ற பெரிய வலையமைப்புகளின் வாசலில்தான் போய் நிற்கவேண்டும்.

அந்த வாசலில் 1939-ல் ஒரு பூட்டு விழுந்தது. தேசிய ஒலிபரப்பாளர் சங்கம், அதாவது நிலைய முதலாளிகளின் சங்கம், தனக்குத்தானே ஒரு நடத்தை விதி எழுதிக்கொண்டது. சர்ச்சைக்குரிய பொருளைப் பேச யாருக்கும் நேரத்தை விற்கக்கூடாது, தேர்தல் பேச்சு மட்டும் விலக்கு. படித்தால் நியாயமாகத்தான் தோன்றும், காசுள்ளவன் மட்டும் கத்திக்கொண்டிருக்கக்கூடாது என்ற வாதம். அந்த விதி வந்ததற்கு ஒரு உடனடிக் காரணமும் உண்டு: சார்லஸ் காஃப்லின் என்ற பாதிரியார் ஞாயிறுதோறும் நேரம் வாங்கி யூத வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்தார், அவரை இறக்கவேண்டியிருந்தது. இறக்கியும் விட்டார்கள். ஆனால் அதே விதி யூனியன் மேலும் விழுந்தது. "எங்கள் சங்கத்தில் சேருங்கள்" என்று சொல்வது சர்ச்சை. சம்பளக் கோரிக்கை சர்ச்சை. கார் கம்பெனி நேரம் வாங்கினால் அது வியாபாரம். ஃபோர்டு கம்பெனி 1934 முதல் 1942 வரை ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரு மணி நேர இசை நிகழ்ச்சி நடத்தியது. கச்சேரியின் இடைவேளையில் வில்லியம் கேமரன் என்ற அவர்களுடைய ஆள் வந்து பொருளாதாரம், அரசாங்கம், தனிமனித உழைப்பு என்று அமைதியான குரலில் சின்னப் பிரசங்கம் செய்வார். அது சர்ச்சையில் சேரவில்லை.

இந்த நிலைமையில் 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல். அந்த மாதமே இரண்டு பெரிய தொழிலாளர் சம்மேளனங்களும், வில்லியம் கிரீன் தலைமையிலான ஏ.எஃப்.எல்.லும் பிலிப் மரே தலைமையிலான சி.ஐ.ஓ.வும், போர் முடியும்வரை ஸ்ட்ரைக் இல்லை என்று ஒப்புக்கொண்டன. 1942 ஜனவரியில் போர்க்காலத் தொழிலாளர் வாரியம் வந்தது, ஜூலையில் அது சம்பள உயர்வுக்கு 15 சதவீதம் என்று ஒரு மூடி போட்டது. ஸ்ட்ரைக்கும் இல்லை, பெரிய உயர்வும் இல்லை என்ற பிறகு சங்கத்தின் கையில் மிச்சம் இருந்தது பொதுமக்களின் அபிப்பிராயம் மட்டும்தான். ரேடியோ திடீரென்று அவ்வளவு முக்கியமானதற்குக் காரணம் இதுதான்.

1942 வசந்த காலத்தில் என்.பி.சி. ஒரு கால்மணி நேரத்தை யூனியன்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சனிக்கிழமை நிகழ்ச்சி, தமிழில் சொன்னால் 'வெற்றிக்காகத் தொழிலாளர்' என்று பெயர். ஒரு வாரம் ஏ.எஃப்.எல்., மறுவாரம் சி.ஐ.ஓ. ஒருவரையொருவர் பார்த்தாலே முறைத்துக்கொள்ளும் இரண்டு சம்மேளனங்கள் ஒரே மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்ததே ஒரு அதிசயம். ஏ.எஃப்.எல். வாரத்தில் பெரும்பாலும் தலைவர் பேச்சு, பேட்டி. சி.ஐ.ஓ. வாரத்தில் நாடகம், பாட்டு. நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரிகூட அதில் பாடினார். உள்ளடக்கம் என்று பார்த்தால் கேள்வி கேட்ட நண்பர் சொன்ன ஜால்ராவுக்கு ஆதாரம் நிறையவே கிடைக்கும்: உற்பத்தியைக் கூட்டுவோம், போர்ப் பத்திரம் வாங்குவோம், வேலைக்கு வராமல் இருக்காதீர்கள், எங்கள் ஆட்கள் இத்தனை டாங்கி செய்தார்கள்.

ஆனால் அந்தக் கால்மணி நேரத்தைக் கொஞ்சம் கூர்ந்து கேட்டால் வேறொன்றும் காதில் விழும். "இந்த விமானத்தைச் செய்தது நாங்கள்" என்று சொல்வது அன்றைய அமெரிக்காவில் சின்ன விஷயம் இல்லை. மற்ற எல்லா நிகழ்ச்சியிலும் அந்த விமானத்தைச் செய்தது கம்பெனிதான். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. போர் லாபத்தின் மேல் அரசாங்கம் 90 சதவீதம் வரி போட்டது. விளம்பரச் செலவை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்படியென்றால் கம்பெனி 1 டாலருக்கு விளம்பரம் செய்தால் அதன் பையிலிருந்து போவது சுமார் 10 சென்ட், மிச்சம் எப்படியும் வரியாகப் போயிருக்கவேண்டிய பணம். கடையில் விற்க கார் இல்லை, டயர் இல்லை. ஆனாலும் 1943-ல் யு.எஸ். ரப்பர் கம்பெனி நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் ஒலிபரப்பையும், ஜெனரல் மோட்டார்ஸ் என்.பி.சி. சிம்ஃபொனியையும் எடுத்துக்கொண்டன. டயர் விற்பதற்கா? பெயரைக் காப்பாற்றுவதற்கு. இந்த வெள்ளத்தில் யூனியனுக்கு வாரத்துக்குக் கால்மணி நேரம் என்பது கல்யாணப் பந்தியில் கடைசி வரிசையில் கிடைக்கிற பாயசம்.

அதையும் எழுதிக்கொடுத்துத்தான் படிக்கவேண்டும். இது யூனியனுக்கு மட்டுமான கட்டுப்பாடு அல்ல, இதைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். 1942 ஜனவரியில் தணிக்கை அலுவலகம் ஒலிபரப்பாளர்களுக்கு ஒரு போர்க்கால நடைமுறைத் தொகுப்பு வெளியிட்டது. வானிலை அறிக்கை கூடாது, நேயர் விருப்பம் கூடாது, தெருவில் போகிறவரைப் பிடித்துப் பேட்டி எடுப்பது கூடாது. பாட்டுக் கேட்கிற சாக்கில் ஒற்றன் சங்கேதம் அனுப்பிவிடுவான் என்ற பயம். முன்கூட்டி எழுதாமல் பேசுவதே ஆபத்து என்றாகிவிட்ட பிறகு எல்லாப் பேச்சும் தாளில் வரும். தாளில் வந்தது நிலைய மேலாளரின் மேசைக்கு வரும். மேலாளரின் கையில் பென்சில் இருக்கும்.

இந்தப் பென்சில் எனக்குக் கொஞ்சம் பரிச்சயம். சங்கத்தில் இருந்த காலத்தில், ஒரு வானொலி நிலையத்தில் தொழிலாளர் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடப் பேச்சு எழுதிக்கொண்டு போனேன். பொருள் பஞ்சாலைகளில் தூசியும் நுரையீரல் நோயும். பேச்சை முழுக்க வைத்துக்கொண்டார்கள், ஒரே ஒரு வாக்கியம் சிவப்பு மையில் அடிபட்டிருந்தது: முகமூடி கொடுக்காத ஆலைகளில் தொழிலாளர்கள் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை என்ற வாக்கியம். "மத்ததெல்லாம் நல்லாயிருக்கு சார், இது மட்டும் எதுக்கு" என்றார் அந்த அதிகாரி, நிஜமாகவே அன்பாக. அந்த ஒரு வரி போனதும் பேச்சு சுகாதாரக் குறிப்பாகிவிட்டது. தூசி தானாக வந்தது, நோய் தானாக வந்தது, முகமூடியும் தானாக வந்தது. போர்க்கால நிகழ்ச்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வரும். வெட்டப்பட்டதைப் பார்க்காமல் மிஞ்சியதை மட்டும் பார்த்து ஜால்ரா என்று சொல்லக்கூடாது.

1943-ல் நிலைமை கசந்தது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, சம்பளத்துக்கு மட்டும் மூடி. ஜான் லூயிஸ் தலைமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஐந்து லட்சம் பேருக்கு மேல், நாளைக்கு 2 டாலர் கூடுதலாகக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். மே 1-ஆம் தேதி அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. மே 2 ஞாயிற்றுக்கிழமை இரவு ரூஸ்வெல்ட் நேராகச் சுரங்கத் தொழிலாளர்களிடமே ரேடியோவில் பேசப்போகிறார் என்று அறிவிப்பு. ஊரே பெட்டிமுன் உட்கார்ந்திருக்கிறது. ஜனாதிபதி மைக்குக்கு வருவதற்குச் சில நிமிடங்கள் முன்னால் லூயிஸ் 15 நாள் இடைநிறுத்தம் அறிவித்து, எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டார். ரூஸ்வெல்ட் எழுதிவைத்த பேச்சை அப்படியே பேசினார். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலா, தந்திரமா என்று இன்னும் வாதாடுகிறவர்கள் உண்டு; என் அனுபவத்தில் சங்கத் தலைவர்கள் கடிகாரம் பார்க்காமல் அறிக்கை விடுவதில்லை. எப்படியானாலும், திரும்ப வரச்சொன்னது ஜனாதிபதி அல்ல, நம் தலைவர் என்று தொழிலாளிக்குச் சொல்லியாகிவிட்டது.

லூயிஸுக்கு ரேடியோ தெரியாது என்று நினைக்காதீர்கள். 1940 அக்டோபரில் மூன்று பெரிய வலையமைப்புகளிலும் ஒரே இரவில் பேசி, ஜனாதிபதி தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற வில்கியை ஆதரித்து, ரூஸ்வெல்ட் ஜெயித்தால் நான் சி.ஐ.ஓ. தலைமையை விட்டுவிடுகிறேன் என்று பந்தயம் கட்டியவர். ரூஸ்வெல்ட் ஜெயித்தார், அவரும் சொன்னபடி விலகினார். ஆனால் 1943-ல் மைக் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. கால்டன்போர்ன், ஃபுல்டன் லூயிஸ் ஜூனியர் போன்ற செய்தி வர்ணனையாளர்கள் யூனியன்களை வறுத்தெடுத்தார்கள். அவர்கள் பேசியது 'கருத்து' என்பதால் யாரும் அதைச் சர்ச்சை என்று தடுக்கவில்லை. கால்டன்போர்ன் நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்தது ஒரு எண்ணெய் கம்பெனி. போர்முனைச் சிப்பாய்களுக்கான பத்திரிகை லூயிஸின் கரிபிடித்த ஆன்மாவைச் சபித்துத் தலையங்கம் எழுதியது. ஜூன் 25-ஆம் தேதி, ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறி, போர்க்கால ஸ்ட்ரைக்குகளைக் கட்டுப்படுத்தும் ஸ்மித்-கானலி சட்டம் நிறைவேறியது.

சங்கங்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இலவசமாகக் கிடைக்கிற நேரத்தில் விருந்தாளி மாதிரி நடந்துகொள்ளவேண்டும். வீட்டுக்காரனைப் பற்றிப் பேசமுடியாது. அதனால் அவர்கள் காசு கொடுத்து வாங்கும் உரிமையைக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், "சும்மா தருகிறோம்" என்றபோது "இல்லை, எங்களுக்கு விற்கவேண்டும்" என்று சண்டை போடுவது. ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது.

1943-ல் அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரே கம்பெனி இரண்டு வலையமைப்பு வைத்திருக்கக்கூடாது என்று அரசாங்கத்தின் தகவல்தொடர்பு ஆணையம் விதித்ததால், என்.பி.சி. தன் 'புளூ' வலையமைப்பை விற்கவேண்டியதாயிற்று. மிட்டாய் கம்பெனி நடத்திய எட்வர்ட் நோபிள் 80 லட்சம் டாலருக்கு வாங்க வந்தார். உரிமத்தை மாற்ற ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். விசாரணையில் ஆணையத் தலைவர் ஜேம்ஸ் லாரன்ஸ் ஃபிளை, புளூவின் தலைவர் மார்க் வுட்ஸிடம் கேட்டார்: ஏ.எஃப்.எல். வந்து காசு கொடுத்து நேரம் கேட்டால் விற்பீர்களா? மாட்டோம், அவர்கள் ஒரு கொள்கையைப் பிரச்சாரம் செய்பவர்கள் என்ற ரீதியில் பதில் வந்தது. ஃபோர்டின் ஞாயிறு இரவு கேட்டு வளர்ந்த நாட்டில் இந்தப் பதில் எப்படி ஒலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதன் தகுதியைப் பார்த்து முடிவு செய்வோம், யாரையும் மொத்தமாக ஒதுக்க மாட்டோம் என்று நோபிள் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஒப்புதல் கிடைத்தது. அந்த வலையமைப்புதான் இன்றைய ஏ.பி.சி.

அடுத்தது ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரின் டபிள்யூ.எச்.கே.சி. வழக்கு. கார்த் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவர் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீன் அங்கே பேச நேரம் வாங்கியிருந்தார். 1937-ல் ஃபோர்டு ஆலை மேம்பாலத்தில் கம்பெனி அடியாட்களிடம் சங்கத்தின் இன்னொரு தலைவரான வால்டர் ரூதரோடு சேர்ந்து அடிவாங்கிய அதே மனிதர். பேச்சைப் பார்த்த நிலையம் அதில் பல பகுதிகளை வெட்டியது. சங்கம் புலம்பிவிட்டுப் போகவில்லை. அந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கக்கூடாது என்று ஆணையத்திடம் மனுப் போட்டது. வாதம் எளிமையானது: காற்றலை பொதுச்சொத்து, நிலையத்துக்கு இருப்பது தற்காலிக உரிமம், பொதுநலனுக்கு நடத்தாவிட்டால் திருப்பி வாங்கவேண்டியதுதான். 1944-ல் விசாரணை நடந்தது. முடிவில் நிலையமே தன் கொள்கையை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டு சமரசமானது, உரிமமும் பிழைத்தது. ஆனால் ஆணையம் 1945 ஜூனில் எழுதிய தீர்ப்பு முக்கியமானது. சர்ச்சைக்குரிய பொருள் என்பதற்காக நேரம் விற்பதை ஒட்டுமொத்தமாக மறுப்பதும், சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுப்பதும் பொதுநலனுக்கு ஒத்துவராது என்றது அது. அதே ஆண்டு ஒலிபரப்பாளர் சங்கமும் 1939 விதியைத் தளர்த்திக்கொண்டது.

இதற்கிடையில், 1943 ஜூலையில், ஸ்மித்-கானலி சட்டம் வந்த சூட்டோடு, சிட்னி ஹில்மன் தலைமையில் சி.ஐ.ஓ. ஒரு அரசியல் நடவடிக்கைக் குழு தொடங்கியது. 1944 தேர்தலுக்காக அந்தக் குழு ரேடியோவுக்கென்றே ஒரு கைப்புத்தகம் போட்டது. காற்றலை உங்களுடையது, போய்க் கேளுங்கள் என்று உள்ளூர்ச் சங்கத்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற புத்தகம். தலைவர் மேடைப்பேச்சை அப்படியே கொண்டுபோய் மைக்கில் கத்தினால் கேட்பவன் திருகாணியைத் திருப்பிவிடுவான் என்பது எங்கள் சங்கத்தில் கடைசிவரை யாருக்கும் புரியவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி, உறுதியில்லாத பக்கம். மேலே சொன்ன விதிகள், விசாரணை, தீர்ப்பு எல்லாம் பதிவில் உள்ளவை. இந்த ஒலிபரப்புகள் கேட்டவர் மனதை மாற்றினவா என்பது அப்படியில்லை. போர் தொடங்கியபோது சுமார் 1 கோடியாக இருந்த சங்க உறுப்பினர் எண்ணிக்கை 1945-ல் 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டியது. இதை ரேடியோவின் கணக்கில் எழுதுகிற கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. போர்த் தொழிற்சாலைகளில் வேலை பெருகியது, சேர்ந்தவர் ஒப்பந்தக் காலம் முடியும்வரை விலகமுடியாதபடி தொழிலாளர் வாரியம் ஒரு விதி வைத்தது, இந்த இரண்டும்தான் பெரிய காரணம். மறுபக்கம், ரேடியோவில் நல்ல பெயர் எடுக்க இத்தனை பாடுபட்டும் ஸ்மித்-கானலி சட்டத்தைத் தடுக்கமுடியவில்லை. ஆக, மக்கள் கருத்தை வென்றார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வென்றது வாசலை.

பிரிட்டனில் கதையே வேறு. அங்கே பி.பி.சி. ஒன்றுதான், விளம்பரம் கிடையாது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராக இருந்த எர்னஸ்ட் பெவின் 1940-ல் தொழிலாளர் அமைச்சரே ஆகிவிட்டார். 1941 மே மாதம் ஆலை உணவுக்கூடங்களிலிருந்து மதிய இடைவேளையில் பாட்டும் சிரிப்புமாக ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பாகத் தொடங்கியதற்கு அவருடைய ஆதரவு பெரிய பலம். ஆனால் அது தொழிலாளருக்காக ஒலித்த ரேடியோ, சங்கம் பேசிய ரேடியோ அல்ல. போர்க்காலத்தில் ரேடியோவும் ஸ்ட்ரைக்கும் சேர்ந்த உச்சக்கட்டம் ஹாலந்தில்: 1944 செப்டம்பர் 17, நாடுகடந்த டச்சு அரசாங்கம் லண்டன் ஒலிபரப்பில் "வெர்ஸ்டேகின் குழந்தைகள் போர்வைக்குள் போகட்டும்" என்ற சங்கேத வரியைச் சொல்ல, சுமார் 30,000 ரயில்வே தொழிலாளர்கள் வேலையை விட்டுத் தலைமறைவானார்கள். அழைத்தது அரசாங்கம், நின்றது தொழிலாளி. பழிவாங்க ஜெர்மானியர்கள் உணவுப் போக்குவரத்தை மறித்தார்கள், அந்தப் பஞ்சக் குளிர்காலத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அது தனிப் பதிலுக்கான விஷயம்.

அமெரிக்காவுக்கே திரும்பினால், வாசல் திறந்த கையோடு சங்கங்களுக்குச் சொந்த நிலைய ஆசையும் வந்தது. பழைய ஏ.எம். அலைவரிசையில் இடமில்லை, புதிதாக வருகிற எஃப்.எம்.மில் இடம் பிடிப்போம் என்று கார்த் தொழிலாளர் சங்கமும் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கமும் விண்ணப்பித்தன. அவர்கள் நேரம், 1945-ல் ஆணையம் எஃப்.எம். அலைவரிசையையே மேலே, இன்றைய 88–108 மெகாஹெர்ட்ஸ் பகுதிக்கு நகர்த்தியது. ஏற்கனவே விற்றிருந்த எஃப்.எம். பெட்டிகள் எல்லாம் வெறும் மரப்பெட்டி ஆயின. டெட்ராய்ட்டில் கார்த் தொழிலாளர் சங்கத்தின் டபிள்யூ.டி.இ.டி. 1949-ல் ஒலிக்கத் தொடங்கியது. கேட்க வேண்டிய தொழிலாளி வீட்டில் எஃப்.எம். பெட்டி இல்லை, காசு சேர்ந்தபோது அவர் டெலிவிஷன் வாங்கினார். 1952-ல் சங்கம் அந்த நிலையத்தை வேய்ன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டது. இன்றும் டெட்ராய்ட்டில் 101.9-ல் அது ஒலிக்கிறது, இணையத்திலும் கேட்கலாம்.